வால்வுக்காக ஒரு பட்டினி

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில், கோடை ஓய்ந்து முதல் மழை விழுந்த வாரத்தில், நான் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். சந்தித்தேன் என்பது சற்றுக் கௌரவமான சொல். அவருடைய பஞ்சர் கடைக்கு எதிரே சேற்றில் மிதிவண்டியோடு விழுந்து கிடந்தேன். அவர் ஓடிவந்து முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அதன்பிறகே எனக்குக் கை கொடுத்தார்.

"மனுஷியை விட வண்டி பெரிசா போச்சா?" என்று கேட்டேன்.

"வண்டி உங்க மேல கிடந்துச்சுக்கா. அதை எடுக்காம உங்களை எப்படி எடுக்கிறது?"

நியாயமான பதிலாகத்தான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தம்பி குடும்பத்தோடு இருக்கலாம் என்று அந்த ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தேன். என்னைத் துரத்திய நாய்கள் அவருடைய சீழ்க்கை ஒலிக்கு அடங்கி, கொஞ்ச தூரத்தில் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய் மட்டும் மெல்ல வந்து, என் சேலை ஓரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, கடைக்குள் அடுக்கியிருந்த பழைய டயர்களின் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது.

"இது கடிக்காதுக்கா. இது பின்னால வர்றதுங்கதான் கடிக்கும். இப்ப அதுக்கு..." என்று தொடங்கியவர், கூச்சத்தோடு கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். "அதுக்கு இப்ப சீசன்."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "வருஷத்துல ரெண்டு சீசன். இந்தக் கடைக்கு அதுதான் சீசன். நாய் துரத்துறதும், ஆளுங்க விழுறதும், இவரு பஞ்சர் ஒட்டுறதும். மூணு பேரும் கூட்டுங்க."

குரலுக்குரியவர் அவருடைய மனைவி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கித் தட்டுகளில் அடுக்கும் வேலை அவருக்கு. நாள் முழுவதும் உடையக்கூடிய பொருளைத் தொட்டுக்கொண்டிருந்ததாலோ என்னவோ, பேச்சில் மட்டும் எதையும் மெதுவாக வைக்கத் தெரியாது.

பஞ்சர்காரர் அந்த ஊரில் பிறந்தவர் அல்லர். இளம் வயதில் லாரியில் கிளீனராக வந்தவர். இப்போது கடை இருக்கும் சாலைச் சந்திப்பில் ஒருநாள் பின் சக்கரம் வெடித்தது. டயரைக் காவல் காக்கச் சொல்லி அவரை இறக்கிவிட்டு, ஓட்டுநர் வேறு டயர் வாங்கப் போனார். "லாரி திரும்பி வந்துச்சுக்கா. நான்தான் திரும்பிப் போகல" என்பார். காரணம், பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த பெண்.

"தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அதோட விட்டிருக்கலாம்" என்பார் அந்த அம்மா.

தகரக் கூரை போட்ட கடை; அதன் முதுகோடு ஒட்டியபடி ஓர் அறை; அந்த அறையில்தான் குடித்தனம். மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கடை வாசலில் பாதி அறுத்த பீப்பாய் ஒன்றில் தண்ணீர் நிரம்பியிருக்கும். காற்றடித்த டியூபை அதில் முக்கி, குமிழி எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது, பக்கத்தில் யார் பேசினாலும் அவருக்குக் கேட்காது. ஓட்டையைக் கண்டுபிடித்ததும், நோயாளியின் உடம்பில் வலிக்கும் இடத்தைத் தொட்ட வைத்தியரைப்போல, "இங்கதான்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார்.

அந்தச் செம்பழுப்பு நாயின் பெயர் வால்வு. லாரி டயர் ஒன்றின் உட்குழிவில் பிறந்த ஐந்தாறு குட்டிகளில் அது ஒன்றுதான் மிஞ்சியது. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். "உள்ள இருக்கிற காத்தை வெளிய விடாம தாங்குறது வால்வுதானே அக்கா. இதுவும் எப்படியோ உசுரைப் பிடிச்சிட்டு நின்னுடுச்சு" என்றார்.

வால்வு வளர்ந்து, ஆண்டுக்கு இரண்டு தடவை குட்டி போட்டது. சாலை ஓரத்துக் கடை. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் குட்டிகள் சாலையைத்தான் முதலில் பார்க்கும். ஒவ்வோர் ஈற்றிலும் ஒன்றோ இரண்டோ வண்டிச் சக்கரத்தில் போகும். சில, மழையில் விறைத்துப் போகும். பிழைத்தவற்றில் சிலவற்றை யாரோ சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவிட்டு வருவார்கள். குட்டி ஒன்று இறந்துவிட்டால், எவ்வளவு அவசரமான வாடிக்கையாளராக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். கடைக்குப் பின்னால் குழி தோண்டி, புதைத்து, கை கழுவிய பிறகே டியூபைத் தொடுவார். வால்வு அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து முனகும். அந்த முனகலைக் கேட்கப் பொறுக்காமல் அவருடைய மனைவி உள்ளே பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக உருட்டுவார்.

மூன்றாவது மழைக்காலத்தில் விபரீதம் நடந்தது. வால்வின் பின்னால் திரிந்த ஆண் நாய்கள் தமக்குள் சண்டையிட்டுக் கொண்டிருந்த வேளையில், பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். கெண்டைக்காலில் நல்ல கடி. அவள் கோழிப்பண்ணைக்காரரின் ஒரே மகள். ஏற்கெனவே கோழிகளைப் பறிகொடுத்து, நாய் என்றாலே முகம் சிவந்துகொண்டிருந்தவர் அவர். சிறுமிக்கு ஊசிகள் போட்டார்கள், காயம் ஆறியது, அவருடைய கோபந்தான் ஆறவில்லை.

என் தம்பி அப்போது ஊர்த் தலைவராக இருந்தான். ஊர்க் கூடத்தில் எல்லாரையும் கூட்டினான். பண்ணைக்காரர் எழுந்து நின்று, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"கறியில மருந்தைக் கலந்து நாலு மூலையில வெச்சா, ஒரே நாள்ல முடிஞ்சிடும். மொதல்ல அந்தப் பஞ்சர் கடைப் பொட்டை போகணும். அது இருக்கிறவரைக்கும் மத்தது எதுவும் இங்கருந்து நகராது."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பஞ்சர்காரரின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன்.

நகரத்தில் நாய்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் ஒரு குழு இருந்தது. வண்டியிலேயே எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். அதைத் தம்பியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவன் கூட்டத்தில் எடுத்துச் சொன்னான். எதிர்ப்பு பண்ணைக்காரரிடமிருந்து வரும் என்று நினைத்தோம். ஆனால், எழுந்து நின்றவர் பஞ்சர்காரர்.

"வாயில்லாத சீவன் வயித்துல கத்தி வைக்கிறதா? பெத்துக்கிறது அதோட இஷ்டம். அதைப் பிடுங்குறது பாவம்ங்க."

"அப்ப மருந்து வெக்கலாமா?" என்றார் பண்ணைக்காரர்.

பஞ்சர்காரர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் எதையும் முடிவு செய்யாமல் கலைந்தது.

மறுநாள் மாலை கடைக்குப் போனேன். கணவனும் மனைவியும் பேசாமல் இருந்தார்கள். அந்த வீட்டில் அது நல்ல அறிகுறி அன்று. என்னைக் கண்டதும் அந்த அம்மா தொடங்கினார்.

"வாங்கக்கா. இவரு பாவ புண்ணியம் பாக்கிறாரு. நீங்களே கேளுங்க."

"நான் என்ன தப்பா சொன்னேன்?" என்றார் அவர். "அதுவும் ஒரு தாய்தானே."

"தாய்தான். யாரு இல்லேன்னா? ஏங்க, வயித்துல கத்தி வைக்கிறது பாவம்னா, பெத்ததெல்லாம் ரோட்டுல நசுங்குறது புண்ணியமா? நீங்க குழி தோண்டிட்டு வந்து கை கழுவிடுவீங்க. அது ராவும் பகலும் மடியில பால் கட்டிக்கிட்டு அழுவுறதை உள்ள இருந்து கேக்கிறவ நான். உங்களுக்கு ஒரு பொண்ணு. அவளுக்குக் காய்ச்சல்னு போன் வந்தாலே நாலு நாள் தூக்கம் இல்லை. அதுக்கு வருஷத்துக்குப் பத்துப் பன்னெண்டு சாகுது. அது என்ன இரும்பா?"

அவர் பீப்பாய்த் தண்ணீரில் ஒரு டியூபை முக்கினார். அதில் குமிழி ஏதும் வரவில்லை. ஏற்கெனவே ஒட்டி முடித்த டியூப் அது. வெகு நேரம் அதைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "வலிக்குமா அக்கா?" என்று கேட்டார்.

"மயக்கம் குடுத்துதான் செய்வாங்க தம்பி."

"அப்ப வரச் சொல்லுங்க."

பண்ணைக்காரர் முனகிக்கொண்டே இசைந்தார். ஆனால், ஒரு நிபந்தனை வைத்தார்: "ஒரே ஒரு தடவை பாப்போம். அந்த வண்டி வந்து வேலையை முடிக்காம திரும்பிப் போச்சுன்னா, அப்புறம் என் வழிதான். யாரும் குறுக்க வரக் கூடாது." தம்பியும் தலையசைக்க வேண்டியதாயிற்று.

வண்டி வருவதற்கு முந்திய நாள் பஞ்சர்காரர் தெருத் தெருவாக நடந்தார். அறுவைக்குப் போகும் நாய் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்று மருத்துவர் போனில் சொல்லியிருந்தார். "இன்னைக்கு ராத்திரியிலருந்து யாரும் நாய்க்கு எதுவும் வெக்காதீங்க. நாளைக்குக் காலையிலயும் வெக்காதீங்க. ஒரு பருக்கை கூடக் கூடாது" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். சிலர், "நாங்க எப்பங்க நாய்க்குச் சோறு வெச்சோம்?" என்று சலித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் வண்டி வந்து ஊர்க் கூடத்தின் முன் நின்றது. மருத்துவர் இளம்பெண்; அவரோடு, நாய் பிடிப்பதற்கு வலைக்காரர் ஒருவர். முதலில் நாய்களையெல்லாம் பிடித்துக் கூண்டுகளில் அடைத்தார்கள். வால்வை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சர்காரர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பிட்டுச்சா அண்ணே?" என்று மருத்துவர் கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்."

மயக்கத்துக்கு முன்னால் போடும் ஊசியைப் போட்டார்கள். வால்வு கொஞ்சம் தள்ளாடியது, கழுத்தை நீட்டியது, பிறகு, கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலையிலும் வாந்தி எடுத்தது. பாலில் ஊறிய ரொட்டி. ஒரு துண்டு அன்று, முழுதாக ஒரு ரொட்டி.

எல்லாரும் பஞ்சர்காரரைப் பார்த்தார்கள். அவர் தம் கால்விரல்களைப் பார்த்தார்.

"காலையில இருந்து என்னையே பாத்துட்டு இருந்துச்சுங்க" என்றார் மெதுவாக. "வயித்துல கத்தி வெக்கப் போறோமே, பாவம், தெம்பா இருக்கட்டும்னு..."

"அடப்பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானே!" என்று அவர் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார்.

மருத்துவர் பெருமூச்சு விட்டு, அடுத்த நாயைக் கொண்டுவரச் சொன்னார். அதற்கும் ஊசி போட்டார்கள். அது அவித்த முட்டையை வாந்தி எடுத்தது. மூன்றாவது நாய், மீனும் சோறும். மருத்துவர் ஊசியைக் கீழே வைத்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. யாரெல்லாம் சாப்பாடு வெச்சீங்க?"

கூட்டத்திலிருந்து தையல்காரி ஒருத்தி, "ஒரே ஒரு பிஸ்கட்டுதான்" என்றாள். "பிஸ்கட்டு கணக்குல வருமா? நான் சும்மா கொஞ்சம் பால்தான்..." என்று பேருந்து ஓட்டுநர் தொடங்கினார். "ஆபரேஷனுக்குப் போற உசுரு, கடைசியா ஒரு வாய்னு..." என்றாள் இன்னொருத்தி. "கடைசியாவா? அதைச் சாகடிக்கவா கூட்டிட்டுப் போறாங்க?" என்று அவள் கணவன் அதட்டினான். "நீங்க மட்டும் என்னவாம்? பின்கட்டுல நின்னு மீனை யாரு போட்டது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். இப்படி ஒவ்வொன்றாக வெளிவந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று: நாய்களுக்கு விஷம் வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்த அந்த ஊரில், அன்று காலையில் பசியோடு ஒரு நாய்கூட இல்லை. வேறு எந்த நாளிலும் அவை அப்படி வயிறாரத் தின்றிருக்க மாட்டா.

"வயிறு நெறஞ்சிருக்கும்போது மயக்கம் குடுத்தா, வாந்தி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உயிரே போயிடும். இன்னைக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மருத்துவர். மறுநாள் அவர் வேறோர் ஊருக்குப் போக வேண்டும். வலைக்காரர் கூண்டுக் கதவுகளைத் திறக்க ஆயத்தமானார்.

பண்ணைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அவர் தம் நிபந்தனையை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. வண்டி வேலையை முடிக்காமல் திரும்பிப் போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அரைமயக்கத்தில் சாய்ந்த வால்வின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்த பஞ்சர்காரர், அந்த இளம்பெண்ணை அண்ணாந்து பார்த்தார்.

"நான் பண்ணின தப்புக்கு இது சாகணுமா டாக்டர்? ஒரே ஒரு நாள் குடுங்க. இன்னைக்கு எந்த நாய் வாயிலயும் பச்சைத் தண்ணி தவிர வேற எதுவும் போகாது. நான் பாத்துக்கறேன்."

"இப்பவும் நீங்கதானே பாத்துக்கிட்டீங்க?" என்றார் மருத்துவர். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்; சிரித்த பிறகு கடுமையாக இருக்க அவரால் முடியவில்லை. கொஞ்சம் தள்ளிப்போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்தார். "சரி. நாளைக்குச் செய்றேன். ஆனா, எல்லா நாயும் ஒரே இடத்துல, பூட்டுக்குள்ள இருக்கணும். கோவிச்சுக்காதீங்க, உங்க ஊரை நான் நம்ப மாட்டேன்."

பிடிகூண்டுகளில் இரவு முழுக்க வைக்க முடியாது; அத்தனை நாய்களையும் அடைக்க ஏது இடம்? எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, பஞ்சர்காரரின் மனைவி தம் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, வித்துப்போன கோழிங்க இருந்த கொட்டகை கழுவிச் சும்மாதானே கிடக்கு. புதுக் குஞ்சு வர இன்னும் நாள் இருக்கு. ஒவ்வொரு தடுப்புக்கும் கம்பிவலை வேற போட்டிருக்கு."

"என் கோழிக் கொட்டகைக்குள்ள நாயா!" பண்ணைக்காரருக்கு மூச்சே நின்றுவிடும்போலிருந்தது. "அம்மா, ராத்திரியெல்லாம் முழிச்சு நான் எதை அண்டவிடாம பாத்துக்கிட்டேனோ அதையே கூப்பிட்டு உள்ள விடச் சொல்றியா?"

"கோழிதான் இல்லையே அண்ணே. எதைத் திங்கும்? செவுத்தையா?"

யாரோ சிரித்தார்கள். அவருடைய மகள், கடிபட்ட சிறுமி, கட்டுப் பிரித்த காலோடு அங்கே நின்றிருந்தாள். "குடுப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் சாவியை எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல், பஞ்சர்காரரின் கையில் வைத்தார்.

அன்று மாலை நான் கொட்டகைக்குப் போனேன். பஞ்சர்காரர் வாசலில் ஒரு டயரைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து நாய்கள் பலவிதமான சுருதிகளில் முறையிட்டுக் கொண்டிருந்தன. ஊரார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருக்குத் தன் நாய்க்குக் குளிருமோ என்று கவலை. ஒருத்திக்கு அதன் கண்ணில் பீளை இருந்ததைப் பார்க்க வேண்டும். எல்லாருடைய கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. "கையை முன்னால காட்டுங்க" என்று ஒரே வாக்கியத்தை அவர் சலிக்காமல் சொன்னார். பொட்டலங்கள் வந்த வழியே திரும்பிப் போயின.

பொழுது சாய்கிற வேளையில் பண்ணைக்காரர் வந்தார்.

"என் கொட்டகையை நான் பாக்கலாமில்ல?"

"தாராளமா பாருங்கண்ணே. சட்டைப் பையில என்ன?"

"பையில என்ன? ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாதது ரெண்டு பக்கமும் உருண்டையா துருத்திக்கிட்டு நிக்குதே."

அவர் முட்டைகளை வெளியே எடுத்தார். அவித்த முட்டைகள், இன்னும் சூடு ஆறவில்லை. பண்ணையைக் காவல் காக்கும் அவருடைய கிழட்டு நாயும் உள்ளேதான் இருந்தது. காலையில் வந்த முட்டை வாந்தி யாருடைய கைவண்ணம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"வயசான நாயிப்பா. பசி தாங்காது" என்றார் அவர், சிறுபிள்ளையின் குரலில்.

"எனக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு காலையில. அதனாலதான் இங்க உக்காந்திருக்கோம்."

பண்ணைக்காரர் இன்னொரு டயரை உருட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருட்டுவதற்குள் பஞ்சர்காரரின் மனைவி தூக்குச் சட்டியில் சாப்பாடு கொண்டுவந்தார். பஞ்சர்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"வலை வழியா அது என்னையே பாக்குது. அது எதிர்ல எப்படி வாயில வெக்கிறது? எடுத்துட்டுப் போ."

"நீங்க பட்டினி கிடந்தா அதுக்கு வயிறு நெறஞ்சிடுமா? நல்ல கதையா இருக்கே!" என்று திட்டிக்கொண்டே சட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சட்டி மூடியபடியே அடுப்பின்மேல் இருந்தது; பக்கத்தில் இருந்த அந்த அம்மாவின் தட்டும் முந்திய நாள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

அறுவை நாள் முழுதும் நடந்தது. வால்வைத்தான் முதலில் எடுத்தார்கள். வெகுநேரம் கழித்து மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அண்ணே, இதுக்குக் கர்ப்பப்பையில சீழ் பிடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வர்றதுதான். வெளிய தெரியாது. அடுத்த சீசன் வரைக்கும் தாங்கியிருக்காது. இப்ப எடுத்தாச்சு, பொழைச்சிடும்."

விஷத்துக்குத் தப்பிய வால்வு வேறொரு சாவையும் வயிற்றில் சுமந்துகொண்டிருந்தது என்பதைப் பஞ்சர்காரர் விளங்கிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று. பிறகு, அதன் இடக்காது நுனியில் இருந்த சிறு வெட்டைச் சுட்டிக்காட்டி, அது எதற்கு என்று கேட்டார். அறுவை ஆன நாய் என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு என்றார் மருத்துவர். "அதாவது, பாத்து முடிச்ச டியூபுக்கு நான் சாக்பீஸ்ல கோடு போடுற மாதிரி" என்றார் அவர். முகத்தில் அப்போதுதான் இரத்தம் திரும்பியது.

பண்ணைக்காரருக்கு ஒரே ஓர் ஐயம் பாக்கியிருந்தது. "இதையெல்லாம் திரும்ப இங்கயே விடணுமா? எங்கயாவது தூரமா கொண்டுபோய் விட்டா என்ன?"

"விடலாம். நாளைக்கே பக்கத்து ஊர் நாய் வந்து அந்த இடத்துல உக்காரும். அதுக்கு ஆபரேஷனும் ஆகியிருக்காது, ஊசியும் போட்டிருக்காது. இது உங்களை அறிஞ்ச நாய். வெளி நாயை உள்ள விடாது. இது இருக்கிறதுதான் உங்களுக்குக் காவல்" என்றார் மருத்துவர்.

அவர் சொன்னது அடுத்த ஆண்டில் கண்கூடாயிற்று. மழைக்காலம் வந்தது, சீசன் வரவில்லை. கூட்டமாகத் திரிவதும் கடித்துக் குதறிக்கொள்வதும் ஓய்ந்தன. ஆண் நாய்கள் நிழலில் கால் நீட்டித் தூங்கின. சிறுமிகள் பள்ளிக்குத் தனியாக நடந்தார்கள். பண்ணைக் கோழிகளின் எண்ணிக்கை காலையிலும் மாலையிலும் ஒன்றாகவே இருந்தது. வால்வின் மடி வற்றி, உடம்பு தேறி, மயிர் பளபளத்தது. சாலையில் எந்தக் குட்டியும் சாகவில்லை, பிறந்தால்தானே. பஞ்சர்காரர் மட்டும் பொய்யாக அலுத்துக்கொள்வார்: "யாரும் விழ மாட்டேங்கிறாங்கக்கா. தொழில் படுத்துடுச்சு. நீங்களாவது ஒரு தடவை விழுங்களேன்."

பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்கு அந்த வண்டி போனாலும், முந்திய நாளே அவரை அனுப்பச் சொல்லி மருத்துவர் என் தம்பிக்குப் போன் செய்வார். கடையைச் சாத்திவிட்டுப் போய், வாசல் வாசலாக நிற்பார். "உங்களுக்கு மனசு கேக்காது. எனக்கும் கேக்கல. அதனாலதான் சொல்ல வந்திருக்கேன்" என்று தம்முடைய ரொட்டிக் கதையைச் சொல்லுவார். எந்த அறிவுரைக்கும் மசியாதவர்கள் அந்தக் கதைக்கு மசிந்தார்கள். அந்த ஊர்களில் அவருக்குப் 'பட்டினி அண்ணன்' என்று பெயராயிற்று. "பேரைப் பாரு பேரை! வீட்டுல நான் சோறே போடாத மாதிரி" என்று அவருடைய மனைவி நொடித்துக்கொள்வார்.

வால்வு நிறைய ஆண்டுகள் இருந்தது. முகம் நரைத்து, கண் மங்கி, ஒரு வெயில் காலத்துப் பகலில், கடைக்குள்ளே தூக்கத்திலேயே அடங்கியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நெஞ்சிலும் மூச்சு குறையத் தொடங்கிற்று. கடையை அடைத்துவிட்டு அறையோடு ஒடுங்கினார். நான்கு அடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது. பிறகு அந்த நான்கடியும் நின்றுபோயிற்று. மருத்துவமனையில் இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் குட்டி நாய் ஊருக்குள் வந்து சேர்ந்தது. பெண். யாரோ அடித்துத் துரத்தியிருப்பார்கள் போலும். மனிதர் நிழலைக் கண்டாலே ஓடும். பூட்டிய கடையின் தகரக் கதவோரம் மட்டும் வந்து படுக்கும். அறையின் சன்னலிலிருந்து அவர் அதனோடு தாழ்ந்த குரலில் பேசுவது எனக்குக் கேட்கும். அதை அறுவைக்குப் பிடித்துப் போக வண்டி வந்த நாளில், வலைக்காரர் ஊர் முழுக்க ஓடியும் அது அகப்படவில்லை.

"என்னைத் தூக்கிட்டுப் போய் கடை வாசல்ல உக்கார வையுங்க. நான் கூப்பிட்டா வரும்" என்றார் பஞ்சர்காரர்.

என் தம்பியும் பண்ணைக்காரரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். இருவருக்கும் தலை வெளுத்திருந்தது, தூக்கச் சிரமப்பட்டார்கள், ஆனால், இளைஞர்களை அழைக்க இருவரும் சம்மதிக்கவில்லை. அவர் சீழ்க்கையடிக்க முயன்றார், காற்றுத்தான் வந்தது. பிறகு நாக்கை மேலண்ணத்தில் தட்டி மெல்ல ஒலி எழுப்பினார். வெள்ளைக் குட்டி சாலையின் மறுபுறம் தலையைத் தூக்கியது. நெடுநேரம் தயங்கி, வயிறு தரையில் படப் பதுங்கிப் பதுங்கி வந்து, அவருடைய முழங்காலில் முகவாயை வைத்தது. அவர் அதன் கழுத்தைப் பற்றினார். வலைக்காரர் வந்து வாங்கிக்கொண்டார். கூண்டுக்குள் போகும்போது அது கத்தவில்லை. அவரைத் திரும்பிப் பார்த்தது.

படுக்கையில் கொண்டுவந்து கிடத்திய பிறகு அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டேயிருந்தது. மகள் ஊரிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய நெஞ்சைத் தடவிக்கொடுத்துக் கொண்டிருந்தார். அந்த நாளில் அந்த அம்மா ஒரு தடவைகூட யாரையும் திட்டவில்லை. நான் கால்மாட்டில் நாற்காலியில் இருந்தேன். அவர் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார்.

"நம்பி வந்துச்சு அது."

"அது நல்லதுக்குத்தானேங்க பிடிச்சாங்க."

"நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதே." மூச்சுக்காக நின்றார். "ஆபரேஷன் முடிஞ்சிருக்கும். இப்ப கண்ணு முழிக்கும். சுத்தி எல்லாம் புது ஆளா இருப்பாங்க. பயந்துக்கும். நீ போ."

"உங்களை இப்படி விட்டுட்டா? நல்லா சொன்னீங்க! எனக்கு நாயைத் தொட்டுக்கூடப் பழக்கமில்லை."

"என் பக்கத்துல அக்கா இருக்காங்க. உன் குரல் அதுக்குத் தெரியும். உள்ள நீ சத்தம் போடுறதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே அந்தக் கதவோரம் படுத்திருந்துச்சு." உதட்டோரம் சிரிப்புப்போல ஒன்று வந்து போயிற்று. நெஞ்சின்மேல் இருந்த மனைவியின் கையை எடுத்து, மெல்ல விலக்கினார்.

"தொட வேணாம். பக்கத்துல உக்காந்து, வழக்கம்போல என்னை ஏதாவது திட்டிக்கிட்டே இரு. அது கேட்டுக்கிட்டே முழிக்கட்டும்."